வகுப்பறையில் கணினியும் இணையமும்: ஓர் ஆசிரியர் எதிலிருந்து கற்கத் தொடங்க வேண்டும்?

கேள்வி: அறிவியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நடுநிலை வகுப்புகளுக்கு நீண்ட காலமாக அறிவியல் கற்பித்து வருகிறேன். கரும்பலகையும் செய்முறைப் பொருள்களுமே இதுவரை என் கருவிகளாக இருந்தன. இப்போது என் வகுப்பறைக்கு ஒரு மடிக்கணினியும் ஒரு புரொஜெக்டரும் வந்திருக்கின்றன. இணைய இணைப்பும் உண்டு. ஆனால் பாடவேளை முழுவதும் அது நிலைத்திருக்கும் என்று நம்ப முடியாது. மின்னஞ்சல் அனுப்பவும், தேடுபொறியில் தேடவும், கைபேசியில் காணொளி பார்க்கவும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் எல்லாமே புதிது.

பயிற்சி வகுப்பு ஒன்றில் கலந்துகொண்டேன். அங்கே ஒன்றன்பின் ஒன்றாகப் பல மென்பொருள்களைக் காட்டினார்கள். எது எந்தப் பாடத்துக்கு எப்படி உதவும் என்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை. அதன் பிறகு நானே சில பாடங்களுக்குப் படக்காட்சி தயாரித்து நடத்தினேன். பிள்ளைகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அமைதியாக இருந்தார்கள். ஆனால் வழக்கமாக வரும் கேள்விகள் வரவில்லை, குறுக்கே பேசுபவர்கள்கூடப் பேசவில்லை. அந்த அமைதி எனக்குக் கவலையளிக்கிறது. மறுபுறம், இணையத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதி வரச் சொன்னால், ஒரே பத்தி பல குறிப்பேடுகளில் வரிக்கு வரி அப்படியே வருகிறது.

எனவே என் கேள்வி இதுதான்: கற்க வேண்டியவை இவ்வளவு இருக்கும்போது நான் எதை முதலில் கற்க வேண்டும்? பிள்ளைகளின் புரிதல் உண்மையிலேயே ஆழமாக வேண்டுமென்றால் இந்தக் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது?

மறுமொழி: இயற்பியல் ஆசிரியர்

வணக்கம் அம்மா. அந்த அமைதியைக் கவனித்தீர்களே, அதுவே நல்ல தொடக்கம். படக்காட்சியில் விடைகள் எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றன. அடுத்து என்ன வரும் என்று பிள்ளைகள் யோசிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. ஆகவே படக்காட்சி தயாரிப்பதில் தேர்ச்சி பெறுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் பாடத்திட்டத்தில் கரும்பலகையால் காட்ட முடியாமல் நீங்கள் ஆண்டுதோறும் திணறும் ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பொருத்தமான ஒரு கருவியை மட்டும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

எனக்கு அது மின்சுற்றுப் பாடமாக இருந்தது. ஒரு மின்கலத்தோடு ஒரே வகையான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால், முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், ஆகவே இரண்டாவது பல்பு மங்கலாக எரியும் என்று மாணவர்களில் பலர் நம்புகிறார்கள். இது உலகின் பல நாடுகளில் ஆய்வாளர்கள் கண்டு பதிவு செய்த பிழையான எண்ணம். சரியான விதியைப் பலகையில் எழுதினால் அவர்கள் தேர்வில் அதைத் திருப்பி எழுதுவார்களே தவிர, உள்ளே இருக்கும் எண்ணம் அசையாது. ஏனென்றால் கம்பிக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்த்ததில்லை.

கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ திட்டம் இங்கேதான் உதவுகிறது. 2001-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம் இது. இதிலுள்ள சிமுலேஷன்களுக்கு, அதாவது சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் கணினி மாதிரிகளுக்கு, கட்டணம் கிடையாது; சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. மின்சுற்று அமைக்கும் சிமுலேஷனில் கம்பி, மின்கலம், பல்பு ஆகியவற்றைச் சுட்டியால் இழுத்து இணைத்தால், கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வதைத் திரையில் காணலாம். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னும் பின்னும் வைத்துக் காட்டினால் அளவு மாறுவதில்லை. இரண்டு பல்புகளும் ஒரே அளவில் எரிகின்றன. ஆனால் தனியாக எரிந்த ஒற்றைப் பல்பைவிட இரண்டுமே மங்கல். அவற்றையே பக்க இணைப்பில், ஒவ்வொரு பல்பும் மின்கலத்தோடு நேராகச் சேரும்படி மாற்றினால் இரண்டும் பழைய வெளிச்சத்துக்குத் திரும்புகின்றன. நீங்கள் கேட்பதற்கு முன்பே ‘ஏன்’ என்ற கேள்வி வகுப்பிலிருந்து வந்துவிடும்.

ஆனால் பொத்தானை அழுத்துவதற்கு முன் நிறுத்துங்கள். எல்லாமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மாசூர் 1991 முதல் பின்பற்றிய முறையை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். முதலில் கேள்வியைத் திரையில் காட்டி, ஒவ்வொருவரும் தன் கணிப்பைத் தனியாக எழுதச் செய்ய வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் தன் கணிப்புக்கான காரணத்தைச் சொல்லி வாதிடச் செய்ய வேண்டும். மீண்டும் ஒரு முறை வாக்கெடுத்த பிறகே சோதனையை ஓட்ட வேண்டும். வாக்களிக்கும் மின்னணுக் கருவி எதுவும் தேவையில்லை. க, ங, ச என்று எழுதிய அட்டைகளே போதும். இப்படிச் செய்தால் ஒரே ஒரு கணினி இருக்கும் வகுப்பிலும் எல்லாருக்கும் வேலை இருக்கும். கேட்பதற்குக் கேள்வியும் இருக்கும்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். சிமுலேஷன் முடிந்த கையோடு உண்மையான மின்கலத்தையும் பல்புகளையும் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுங்கள். திரையில் பல்புகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்; கடையில் வாங்கிய பல்புகள் அப்படி இருக்காது, தொடர்பு தளர்ந்திருக்கும், மின்கலம் தேய்ந்திருக்கும். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடுவதும் அறிவியல்தான். செய்முறைப் பெட்டி ஏற்கெனவே உங்களிடம் இருப்பது பெரும் பலம். கணினி வந்ததற்காக அதை அலமாரிக்கு அனுப்பிவிடாதீர்கள்.

மறுமொழி: பள்ளி நூலகர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். வரிக்கு வரி படியெடுப்பது பற்றிய உங்கள் கவலைக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனெனில் நூலகத்தில் நான் அன்றாடம் காண்பது அதுதான். பெரும்பாலும் நாம் கொடுக்கும் வேலையே படியெடுப்பை வரவழைக்கிறது. ‘ஒளிச்சேர்க்கை பற்றிக் கட்டுரை எழுதுக’ என்றால் அதற்கு இணையத்தில் ஆயத்தமான விடை இருக்கிறது, பிள்ளை அதை எடுத்து வருகிறது. ‘ஒளிச்சேர்க்கை பற்றி மூன்று இணையப் பக்கங்களைப் படித்து, மூன்றும் ஒத்துப்போகும் ஒரு செய்தியையும், ஒன்றில் மட்டும் இருக்கும் ஒரு செய்தியையும் எழுதி, பின்னதை நம்பலாமா என்று காரணத்துடன் சொல்’ என்று கேட்டுப் பாருங்கள். இதற்கான விடையை எங்கிருந்தும் படியெடுக்க முடியாது.

இதற்கு முன்னால், ஒரு பக்கத்தை நம்பலாமா என்று எப்படி முடிவு செய்வது என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் மரத்தில் வாழும் ஆக்டோபஸ் ஒன்று அழிந்து வருகிறது என்று சொல்லும் இணையதளம் ஒன்று 1998 முதல் இருக்கிறது. படங்கள், வாழிடக் குறிப்புகள், காப்பாற்றும்படி வேண்டுகோள் எல்லாம் அதில் உண்டு. அப்படி ஓர் உயிரினம்தான் கிடையாது. கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் அந்தத் தளத்தைக் காட்டியபோது, இணையத்தில் நன்றாகப் படிக்கக்கூடியவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ எல்லாருமே அதை நம்பினார்கள். இளையவர்கள் சுட்டியை வேகமாக நகர்த்துவதைப் பார்த்து, அவர்களுக்கு இணையம் தெரியும் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். விசைகளை அழுத்தும் வேகம் வேறு, படித்ததை எடைபோடும் திறன் வேறு. இரண்டாவதில் அனுபவமுள்ள ஆசிரியராகிய நீங்கள் அவர்களைவிட வெகு தூரம் முன்னே நிற்கிறீர்கள்.

எடைபோடுவது எப்படி என்பதற்கு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. வரலாற்றறிஞர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்ப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினரிடமும் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். கற்றறிந்த வரலாற்றறிஞர்களில் பலரும்கூட அந்தப் பக்கத்துக்குள்ளேயே தங்கி, வடிவமைப்பையும் பெயரையும் சின்னத்தையும் ஆராய்ந்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ பக்கத்தைத் திறந்த சிறிது நேரத்திலேயே அதை விட்டு வெளியேறி, உலாவியில் புதிய தாவல்களை (டேப்) திறந்து, அந்தப் பக்கத்தை வெளியிட்ட அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடி, குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள். இந்த ஒரு பழக்கத்தைப் புரொஜெக்டரில் நீங்களே செய்து காட்டலாம். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடுங்கள்: ‘இதை எழுதியது யார் என்று தெரியவில்லை, பெயரைத் தேடிப் பார்க்கிறேன், இந்தத் தேடல் முடிவு ஒரு விளம்பரம், இதைத் தாண்டுகிறேன்’ என்று. தேடுபொறியில் ஒரு தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டால் அதே சொற்கள் அதே வரிசையில் வரும் பக்கங்களைத் தேடலாம் என்பதையும் அப்போதே காட்டிவிடலாம். சந்தேகத்துக்குரிய பத்தி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க உங்களுக்கும் அது பயன்படும்.

விக்கிப்பீடியாவைத் தடை செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2003 முதல் வளர்ந்து வரும் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் திருத்த வரலாறும் உரையாடல் பக்கமும் இருக்கின்றன. யார் எதைச் சேர்த்தார், எது நீக்கப்பட்டது, எதைப் பற்றி வாதம் நடந்தது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க முடியும். அச்சிட்ட கலைக்களஞ்சியம் எதுவும் இதைக் காட்டுவதில்லை. இணைப்பு நிலைக்காது என்கிறீர்களே, ‘கிவிக்ஸ்’ என்ற கட்டணமில்லா மென்பொருள் வழியாக விக்கிப்பீடியாவை ஒரு கோப்பாகப் பதிவிறக்கி, இணையமே இல்லாமல் படிக்கலாம்; ஆனால் திருத்த வரலாற்றைப் பார்க்க இணைப்பு வேண்டும்.

கேள்வி கேட்டால் கட்டுரையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இப்போது பிள்ளைகளின் கைக்கு எட்டியிருக்கின்றன. அவை இல்லாத நூல்களையும் இல்லாத ஆய்வுகளையும் உறுதியான குரலில் மேற்கோள் காட்டுவதுண்டு. அப்படி ஒரு விடையை அச்சிட்டுக் கொடுத்து, பாடநூலுடன் ஒப்பிட்டுப் பிழை கண்டுபிடிக்கச் சொல்வது நல்ல வகுப்பு வேலையாக அமையும்.

மறுமொழி: கணினி ஆசிரியை

மேலே இருவரும் சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். வகுப்பறையில் கை தடுமாறாமல் இருக்கச் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

இணையத்தை நம்பிப் பாடத்தைத் திட்டமிடாதீர்கள். ஃபெட் சிமுலேஷன்களைத் தனித்தனிக் கோப்புகளாகப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், இணைப்பு இல்லாதபோதும் உலாவியில் திறந்து இயக்கலாம். பாடத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் அந்தப் பாடத்தின் பெயரில் ஒரே கோப்புறையில் வைத்து, பென் டிரைவிலும் ஒரு படி வைத்திருங்கள். மின்சாரமே போய்விட்டால் கணிப்பும் விவாதமும் பலகையில் தொடரலாம். முடிவைப் பார்ப்பதை மட்டும் அடுத்த வகுப்புக்குத் தள்ளிவையுங்கள்.

பவர்பாயிண்ட் படக்காட்சி ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில ‘B’ எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும். மீண்டும் அழுத்தினால் காட்சி திரும்பும். பிள்ளைகளோடு பேச வேண்டிய நேரத்தில் திரையை அணைத்துவிடுங்கள், அவர்கள் கண்கள் உங்களிடம் திரும்பும். கடைசி வரிசைக்கு எழுத்து தெரியவில்லை என்றால், உலாவியில் ‘கன்ட்ரோல்’ விசையுடன் கூட்டல் குறியை அழுத்துங்கள், பெரிதாகும்.

தமிழில் தட்டச்சு செய்ய, எழுத்துகளுக்கான உலகப் பொதுக் குறியீடான யூனிகோட் முறையிலுள்ள எழுத்துருவை மட்டுமே பழகுங்கள். பழைய எழுத்துருக்களில் உருவாக்கிய வினாத்தாள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் திறக்கும். அதைத் தேடுபொறியாலும் படிக்க முடியாது. விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 பழகுவதற்கு எளியது என்பது என் கருத்து. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால் கைகள் மாறி மாறி இயங்கும்.

கேள்வியாளர்: அறிவியல் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மின்சுற்றுப் பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மின்னோட்டம் தீர்ந்துபோகும் என்ற அதே விடையை நானும் ஆண்டுதோறும் விடைத்தாள்களில் பார்க்கிறேன். ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. கணினியில் என்னைவிடத் தேர்ந்த மாணவர்கள் சிலர் உதவ முன்வருகிறார்கள். அவர்களிடமே மடிக்கணினியைக் கொடுத்துவிடலாமா? மேலும், வினாடி வினா நடத்தும் இணையதளங்களில் பிள்ளைகள் எல்லாரையும் பதிவு செய்யும்படி உடன் பணிபுரிபவர் ஒருவர் பரிந்துரைக்கிறார், அது பாதுகாப்பானதா?

மறுமொழி: கணினி ஆசிரியை

தாராளமாகக் கொடுங்கள், ஆனால் தேர்ந்தவர்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள். சுட்டியைப் பிடிப்பவரும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவரும் வெவ்வேறு பிள்ளைகளாக இருக்கட்டும். சொல்பவர் காரணத்தோடு சொல்ல வேண்டும், பிடிப்பவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இருவரையும் மாற்றினால், வழக்கமாகப் பின்னால் ஒதுங்கும் பிள்ளைகளின் கையிலும் கருவி வந்து சேரும். உங்கள் சொந்த மின்னஞ்சலும் கடவுச்சொற்களும் அந்தக் கணினியில் சேமிக்கப்பட்டிருக்கக் கூடாது. வகுப்புக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

பதிவு செய்வதைப் பொறுத்தவரை நான் கண்டிப்பாகவே இருப்பேன். பல இணையச் சேவைகள் 13 வயதுக்குட்பட்டவர்கள் தாங்களாகவே கணக்குத் தொடங்குவதை அனுமதிப்பதில்லை. பெயர், பிறந்த நாள், கைபேசி எண், புகைப்படம் ஆகிய எதையும் பெற்றோரின் இசைவும் பள்ளியின் ஒப்புதலும் இல்லாமல் வெளித் தளங்களில் ஏற்ற வேண்டாம். வரிசை எண்ணை மட்டும் இட்டு, கணக்கில்லாமல் விடையளிக்க முடிகிற தளமாக இருந்தால் பயன்படுத்தலாம். அது கிடைக்கும்வரை, இயற்பியல் ஆசிரியர் சொன்ன எழுத்தட்டைகளே வாக்கெடுப்புக்குப் போதும். யார் எந்த அட்டையை உயர்த்தினார் என்பதை நீங்கள் நேரிலேயே பார்த்துவிடலாம்.