மறு: பிளஃப் கேட்சர் – ‘வெருட்டுத்தாங்கி’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் சீட்டாட்டச் சொற்பட்டியலில் போக்கர் ஆட்டத்தின் பாக்கெட் பேர், பிளஃப் (வலுவற்ற சீட்டோடு பந்தயம் கட்டி எதிராளியை விலக வைப்பது), பிளஃப் கேட்சர் (அந்த பிளஃபை மட்டும் வெல்லும் கை) மூன்றுக்கும் தமிழ்ச் சொல் இன்னும் முடிவாகாமல் கிடக்கிறது. முதல் இரண்டும் சரியாக அமைந்தால்தான் மூன்றாவது நிற்கும் என்பதால் மூன்றையும் ஒரே மடலில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> போக்கர் சூதாட்டம்தானே, அதற்குத் தமிழில் சொல் எதற்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 2022இல் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலைச் செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் வந்த ஒன்றியச் சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே இல்லாமல், இணையத்தில் பணம் கட்டி ஆடும் எல்லா ஆட்டங்களையும் தடை செய்தது. இவ்வளவையும் நாளிதழ்கள் தமிழில்தான் எழுதின. அப்புறம், செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதுகிறவர்களும் இந்தச் சொற்கள் இல்லாமல் நகர முடியாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ரேட்டஸ் என்ற போக்கர் ஆடும் நிரல் 2017இல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகள் (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) ஆடி வென்றது. 2019இல் ப்ளூரிபஸ் என்ற அடுத்த நிரல் ஆறு பேர் மேசையிலும் வென்றது. எதிராளியின் சீட்டு தெரியாத நிலையில் முடிவெடுக்க ஒரு நிரல் எப்படிக் கற்றது என்பதைத் தமிழில் விளக்க வேண்டுமானால் பிளஃபுக்கு ஒரு நல்ல சொல் வேண்டும்.

> பாக்கெட் பேர் = சட்டைப்பை இணை

வேண்டாம். ஆட்டத்தில் சட்டைப்பையே கிடையாது. பிறருக்குக் காட்டாமல் கையில் வைத்திருக்கும் இரண்டு சீட்டும் ஒரே எண்ணாக இருந்தால் அதுதான் இது. கைஜோடி என்றால் போதும். சீட்டாடுகிற யாருக்கும் ஜோடி என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் ஐந்தையும் தரைச்சீட்டு என்று ஏற்கனவே ஒப்புக்கொண்டோம். கைஜோடி, தரைஜோடி என்று இரண்டும் எதிரெதிராக அழகாக நிற்கின்றன. பதினேழு முறை சீட்டுப் போட்டால் சராசரியாக ஒரு முறை கைஜோடி வரும். ஏஸ் ஜோடி 221க்கு ஒன்று. அந்த ஏஸ் ஜோடியே ஒரே ஒரு எதிராளியின் ஏதோ ஒரு கையை 85 விழுக்காடு வெல்லும். நான்கு எதிராளிகள் கடைசிவரை நின்றால் 56க்கு இறங்கிவிடும். பெரிய கைஜோடி வந்ததும் பந்தயத்தை ஏற்றிக் கூட்டத்தைக் குறைப்பது அதனால்தான்.

> பிளஃப் = ஏமாற்று / புளுகு

இதைத்தான் நான் அழுத்தமாக மறுக்கிறேன். சீட்டாட்டத்தில் ஏமாற்று என்றால் வேறு பொருள்: சீட்டில் அடையாளம் வைப்பது, இருவர் கூட்டுச் சேர்ந்து மூன்றாமவரைக் கவிழ்ப்பது. அதற்குக் கள்ளாட்டம் என்ற சொல் இருக்கிறது, மேசையை விட்டு எழுப்பிவிடுவார்கள். பிளஃப் விதிக்கு உட்பட்டது. வாயால் ஒரு பொய்யும் சொல்வதில்லை, காசை மட்டும் நகர்த்துகிறோம். ஃபான் நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும் 1944இல் ஆட்டக் கோட்பாட்டை நூலாக்கியபோது போக்கருக்கும் பிளஃபுக்கும் தனி இடம் கொடுத்தார்கள். கணக்கின்படியே சிறப்பாக ஆடுகிறவரும் இடையிடையே பிளஃப் செய்தாக வேண்டும். அதை ஏமாற்று என்று எழுதினால் கணிதமே களவு போலத் தெரியும்.

உதார் என்று ஒரு நண்பர் சொன்னார். பொருள் நன்றாகவே பொருந்துகிறது, சென்னையில் யாருக்கும் உடனே புரியும். ஆனால் உதாரில் பெருமையடிக்கும் சாயல் கூடுதல். எதிராளி என்ன ஆகிறான் என்பது அதில் இல்லை. பாவ்லாவும் அப்படித்தான். பிளஃபின் நோக்கம் ஒன்றே ஒன்று, நம்மைவிட நல்ல சீட்டு வைத்திருப்பவனைப் பயந்து விலக வைப்பது. அதற்கு ஈழத்து வழக்கில் உயிரோடு இருக்கும் சொல் வெருட்டு. ‘சும்மா வெருட்டாதை’ என்றால் ‘உன்னிடம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்’ என்ற பொருளும் சேர்ந்தே வரும். வயலில் நிறுத்தும் சோளக்கொல்லைப் பொம்மையை அங்கே வெருளி என்பார்கள். வெருள், வெருட்டு எல்லாம் பழைய நூல்களிலும் உள்ள சொற்கள். கொச்சை என்று யாரும் தள்ள முடியாது. வெருட்டு, வெருட்டினான், வெருட்டுப் பந்தயம், அடிக்கடி வெருட்டுகிறவர் என்று எப்படியும் வளையும்.

இனி மூன்றாவது. இதற்கு ஒரு கையை முழுதாகக் காட்டியாக வேண்டும்.

இணையத்தில் ஆறு பேர் மேசை, குருட்டுப் பந்தயம் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைப்பது) 1, 2. ஒவ்வொருவரிடமும் 200 சில்லுகள். உங்களுக்கு ராஜா கைஜோடி. 6க்கு ஏற்றுகிறீர்கள். கடைசியில் ஆடுகிறவர் மட்டும் ஈடுகட்டுகிறார் (அதே 6ஐப் போடுகிறார்), மற்றவர்கள் விலகுகிறார்கள். நடுவில் 15. தரையில் டைமண்ட் ராணி, டைமண்ட் எட்டு, ஸ்பேடு மூன்று. நீங்கள் 10 கட்ட, அவரும் 10. நான்காவது சீட்டு ஆர்ட்டின் ஐந்து. நீங்கள் 25, அவரும் 25. நடுவில் இப்போது 85. கடைசிச் சீட்டு கிளாவர் இரண்டு. நீங்கள் கட்டாமல் விடுகிறீர்கள். அவர் 85ஐத் தூக்கி வைக்கிறார்.

ராஜா ஜோடி பெரிய கை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் இந்த இடத்தில் இதன் நிலை என்ன? ஒரு ராணி வைத்திருப்பவர் பெரும்பாலும் 85 கட்டமாட்டார், அமைதியாகச் சீட்டைக் காட்டவே விரும்புவார். கட்டுகிறவரிடம் மூன்று எட்டு, மூன்று மூன்று, இரட்டை ஜோடி போன்ற ஒன்று இருக்கும். அல்லது ஐந்து டைமண்ட் சீட்டுகள் சேரும் (சேர்ந்தால் பெரிய கை) என்று காத்திருந்து சேராமல் போன வெறுங்கை இருக்கும். முதல் வகையிடம் ராஜா ஜோடி தோற்கும், இரண்டாம் வகையை மட்டுமே வெல்லும். ஏஸும் ராணியும் வைத்திருந்தாலும் இதே கதைதான். கையின் பெருமை எல்லாம் போய், வெருட்டை மட்டும் வெல்லக்கூடிய கையாக அது சுருங்கிவிட்டது. பிளஃப் கேட்சர் என்பது இந்த நிலைக்குப் பெயர், சீட்டுக்குப் பெயர் இல்லை.

> பிளஃப் கேட்சர் = புளுகுபிடிப்பான்

பிடிப்பான் என்றால் பாய்ந்து போய்ப் பிடிப்பது போல இருக்கிறது. அதை நம்பி ஒருவர் இங்கே மிச்சமுள்ள 159ஐயும் ஏற்றினால் என்ன நடக்கும்? வெருட்டியவர் விலகிவிடுவார், கூடுதலாக ஒரு காசும் வராது. மூன்று எட்டு வைத்திருப்பவர் மட்டும் மகிழ்ச்சியாக ஈடுகட்டுவார். ஆகவே இந்தக் கையால் செய்யக்கூடியவை ஈடுகட்டுவதும் விலகுவதும்தான். இடிதாங்கி போல நின்ற இடத்தில் நின்று அடியை வாங்கிக்கொள்ளும் கை இது. அதனால்தான் வெருட்டுத்தாங்கி என்று முன்மொழிகிறேன். (வன்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் ஒற்று மிகுத்து எழுதியிருக்கிறேன். சுமைதாங்கியில் மிகவில்லையே என்று கேட்பவர்களுக்காக இந்தக் குறிப்பு.)

தாங்கலாமா என்பதற்குக் கணக்கு எளிது. நீங்கள் 85 போட்டால் மொத்தம் 255. உங்கள் பங்கு மூன்றில் ஒன்று. இந்த நபர் இந்த இடத்தில் மூன்றுக்கு ஒரு முறைக்கு மேல் வெருட்டுகிறார் என்றால் ஈடுகட்டுவது லாபம். இணையத்தில் முகம் தெரியாது, கை நடுங்குவது தெரியாது. பந்தயத்தின் அளவு, எடுத்துக்கொண்ட நேரம், இதற்குமுன் அவர் காட்டிய சீட்டுகள், இவைதான் சான்று. இரண்டு முறை வெறுங்கையோடு மாட்டினார் என்பதற்காக ஒருவரை வெருட்டுகிறவர் என்று முத்திரை குத்துவது அவசரம். ஆனால் பதிவு நிறையச் சேர்ந்து, அவர் கடைசிச் சுற்றில் ஓயாமல் வெருட்டுகிறார் என்று தெரிந்துவிட்டால், பெரிய கைஜோடிக்காரர் பந்தயத்தை அவர் கையில் விட்டுவிடுவதே நல்லது. மேலே நீங்கள் கட்டாமல் விட்டது அதற்காகத்தான்.

இன்னொரு நுணுக்கம், எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பேடு ராஜாவும் ஆர்ட்டின் ராஜாவும் உங்களிடம் இருப்பது ஒன்று, அவற்றில் ஒன்று டைமண்ட் ராஜாவாக இருப்பது வேறு. வலிமையில் இரண்டும் சமம். ஆனால் டைமண்ட் ராஜா உங்களிடம் இருந்தால், அந்த ராஜாவோடு டைமண்ட் சேரக் காத்திருந்த கைகள் எதுவும் அவரிடம் இருக்க முடியாது. அவர் வெருட்டியிருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. அதே ராஜா ஜோடி, கொஞ்சம் மோசமான வெருட்டுத்தாங்கி! இப்படித் தடுக்கும் சீட்டை பிளாக்கர் என்கிறார்கள். மறிசீட்டு என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

பட்டியலில் சேர்க்க நான் தரும் வரைவு:

கைஜோடி – ஆட்டக்காரர் கையில் மறைவாக உள்ள இரு சீட்டும் ஒரே எண்ணாக அமைவது.
வெருட்டு – வலுவற்ற கையோடு பந்தயம் கட்டி, மேலான கையை விலக வைக்க முயல்வது.
வெருட்டுத்தாங்கி – எதிராளி வெருட்டியிருந்தால் மட்டுமே வெல்லும் கை, ஏற்றுவதற்கு உதவாது.
மறிசீட்டு – நம்மிடம் இருப்பதாலேயே எதிராளியின் சில கைகளை இல்லாமல் ஆக்கும் சீட்டு.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள், 304 என்ற சீட்டாட்டம் ஆடும்போது வெருட்டு என்ற சொல் மேசையில் புழங்குகிறதா, எந்தப் பொருளில் என்று எழுதினால் இரண்டாவது வரையறையை அதற்கேற்பத் திருத்தலாம்.

அன்புடன்.