இரவுக் கபடிக்கும் பகல் கிரிக்கெட்டுக்கும் ஒரே லென்ஸ்: 70-200 வாங்கலாமா, 150-600 வாங்கலாமா?

நாங்குநேரிக்காரன்:
என்னிடம் நிக்கான் டி7500 கேமராவும், அதனுடன் வந்த 18-140 லென்ஸும் உள்ளன. எங்கள் சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடையையும் பொங்கலையும் ஒட்டி இரவில் நடைபெறும் கபடிப் போட்டிகளைப் படமெடுப்பதே என் முதல் விருப்பம். பகல்நேரக் கிரிக்கெட்டும் கூந்தன்குளத்துப் பறவைகளும் அதற்கு அடுத்தவை. பழைய 70-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் ஒன்றும், புதிய 150-600 மி.மீ. எஃப்/5-6.3 லென்ஸ் ஒன்றும் ஏறத்தாழ ஒரே விலைக்கு வருகின்றன. ஒன்றுதான் வாங்க முடியும் என்பதால், அனுபவமுள்ள அண்ணாச்சிமார் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பாளை ஒளிப்படக்காரர்:
தம்பி, கபடிதான் முதல் விருப்பம் என்றால் 70-200 வாங்குங்கள். ஆடவர் கபடிக்களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. எட்டு மீட்டர் தொலைவிலுள்ள ஆட்டக்காரரை உங்கள் கேமராவில் மற்ற லென்ஸின் குறைந்தபட்சக் குவியத்தூரமான 150 மி.மீ. வைத்துப் பார்த்தால், படத்தின் அகலத்தில் ஒன்றேகால் மீட்டர்தான் அடங்கும். பாடி வருபவர் தெரிவார், அவர் காலைப் பிடிப்பவர் தெரியமாட்டார். அந்தப் பிடியைத்தானே நாம் எடுக்க வந்தோம்?

அதைவிடப் பெரிய காரணம் ஒளி. எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது: 150-600-இன் இடைப்பட்ட எஃப்/5.6-ஐ விட 70-200-இன் எஃப்/2.8 நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. ஆட்டக்காரரின் அசைவை உறையவைக்க 1/800 நொடியாவது வேண்டியிருக்கும் நிலையில், எஃப்/2.8-க்கு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 3200 போதுமான இடத்தில் எஃப்/5.6-க்கு 12800 வரை ஏற்ற வேண்டிவரும். அந்த அளவில் முகமும் புழுதியும் ஒரே கலங்கலாகிவிடும். லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் தணிக்கும், ஓடுபவரை நிறுத்தாது. எல்இடி விளக்குகளின் கீழ் அடுத்தடுத்த படங்களின் வெளிச்சம் மாறிமாறி வந்தால், கேமராவிலுள்ள ஃப்ளிக்கர் குறைப்பை இயக்கிப் பாருங்கள்.

சங்கர் நகர் ரசிகன்:
கபடியைப் பற்றி அண்ணாச்சி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கிரிக்கெட்டை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. எல்லைக்கோட்டிலிருந்து மட்டையாளர் 65 மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று கொண்டால், 200 மி.மீ.யில் ஏழரை மீட்டர் அகலம் படத்துக்குள் வந்து ஆள் மிகச் சிறிதாகிவிடுவார். 600-இல் இரண்டரை மீட்டர்தான் வரும், மட்டையும் முகமும் தெளிவாகத் தெரியும். நல்ல வெயிலில் எஃப்/6.3 ஒரு குறையே இல்லை.

நாங்குநேரிக்காரன்:
இருவருக்கும் நன்றி. 70-200 வாங்கினால் பறவைகளை அறவே விட்டுவிட வேண்டுமா?

பாளை ஒளிப்படக்காரர்:
வேண்டியதில்லை. நீர்ப்பரப்பின் நடுவே இருக்கும் வரித்தலை வாத்துக்கு 200 எட்டாது. ஆனால் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டுவதால், அவை சிறகு விரித்து இறங்குவதை அந்த லென்ஸிலேயே எடுக்கலாம். கூட்டருகே ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். பிற்பாடு, லென்ஸுக்குப் பொருந்தும் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் (குவியத்தூரத்தைக் கூட்டும் இணைப்பு) ஒன்று வாங்கினால், அது 280 மி.மீ. எஃப்/4 ஆகிவிடும். பகல் கிரிக்கெட்டுக்கும் அது ஓரளவு உதவும்.

பழைய லென்ஸ் என்பதால், டார்ச் ஒளியை உள்ளே பாய்ச்சிப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் சம்மதித்தால் ஓர் இரவு ஆட்டத்துக்கு எடுத்துச் சென்று, எஃப்/2.8-இலேயே தொடர்ச்சியாகச் சுட்டு, ஃபோகஸ் ஆட்டக்காரரை விடாமல் பின்தொடர்கிறதா என்று உறுதிசெய்த பிறகே பணம் கொடுங்கள்.