‘கட் ஹிம் சம் ஸ்லாக்’ – தமிழ்ல என்ன போடலாம்?

காரைக்குடியிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் பசங்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் கையேடு தயார் பண்றோம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். "ஹி இஸ் நியூ, கட் ஹிம் சம் ஸ்லாக்"ங்கிற இடத்துல மாட்டிக்கிட்டேன். வகுப்புல கேட்டா ஒருத்தன் "புதுசா வந்தவன் சம்பளத்துல வெட்டு"ங்கிறான். ஸ்லாக்னா கயித்துல இழுபடாம தொங்குற பாகம், அதைக் கொஞ்சம் கூட்டி விடுறதுதான் சங்கதி, ரொம்ப இறுக்காதேன்னு அர்த்தம்னு சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாங்க. ஆனா தமிழ்ல? 'சலுகை'ன்னா ஆடித் தள்ளுபடி ஞாபகம்தான் வருது.

தேவகோட்டையிலிருந்து:
இதுக்கா தம்பி அலையுறீங்க? கண்ணோட்டம், அதாவது இரக்கம் காட்டுறது. குறள்ல 58ஆவது அதிகாரமே அதுக்குத்தான். 578ஐப் பாருங்க, "கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு". வேலையும் கெடக்கூடாது, ஆளையும் நோகடிக்கக்கூடாது, இதைவிட மேனேஜருக்கு என்ன சொல்லணும்? முந்தின அதிகாரத்துல "கடிதோச்சி மெல்ல எறிக"ன்னு வேற இருக்கு, ஓங்குறதை பலமா ஓங்கிட்டு அடியை மெதுவாப் போடு. அப்புறம் தளை, தளர், தளிர் மூணும் ஒரே வேருன்னு என் எண்ணம், அதை ராத்திரி விரிவா எழுதுறேன்.

புதுவயல்லேருந்து:
புலவரய்யா, தளிர் வரைக்கும் போகாதீங்க, அச்சகத்துல ஆள் காத்துக்கிட்டிருக்கு. குறள் சரி, ஆனா இன்னிக்கு "என் கண்ணோட்டத்தில்"னா பார்வை, கருத்து அவ்வளவுதான். "அவனுக்குக் கொஞ்சம் கண்ணோட்டம் கொடு"ன்னு எழுதினா கண்ணாடி வாங்கிக் கொடுக்கச் சொல்றதா நெனப்பாங்க. என் ஓட்டு 'விட்டுப் பிடி'க்கு. விட்டுக்கொடுத்தா கயிறே எதிராளி கைக்குப் போயிரும், விட்டுப் பிடிச்சா பிடி நம்ம கையிலயே இருக்கு, ஸ்லாக்கும் அதானே.

கோட்டையூர்லேருந்து:
எனக்கு ஒப்பலை. விட்டுப் பிடிக்கிறதுல பிடிக்கிறதுதான் குறி, அது வட்டிக்கு விட்டவுக பேச்சு. 1930கள்ல நெல் விலை விழுந்தப்ப பர்மாவுல கடன் வாங்குனவுக நிலமெல்லாம் வட்டிக்கு விட்ட நம்ம செட்டியாருக கைக்கு வந்துச்சு, கீழ் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டத்துல 1930ல 6 சதவீதமா இருந்தது 1937ல 25 சதவீதம். அவுக ஆசைப்பட்டு வாங்கலைம்பாக, இருக்கட்டும், ஆனா புதுசா வேலைக்கு வந்த பையனைப் பத்திப் பேசுறப்ப அந்தச் சொல்லா? 'அனுசரிச்சுப் போங்க'ன்னு போடுங்க.

தேவகோட்டையிலிருந்து:
ஆச்சி, அனுசரி வடமொழி!

கோட்டையூர்லேருந்து:
அப்ப நீங்க 'அதிகாரம்'னு எழுதினது மட்டும் என்னவாம்?

காரைக்குடியிலிருந்து:
சண்டை வேணாம். ரெண்டு பேர் தனியா போன்ல சொன்னதையும் சேத்தா 'விட்டுப் பிடி'தான் கூட வருது, அதையே "புதுசா வந்தவர், கொஞ்சம் விட்டுப் பிடிங்க"ன்னு போட்டு அனுப்பிட்டேன். பக்கத்துலயே "ரொம்பக் கறார் பண்ணாதீங்க"ன்னும் சேத்திருக்கேன்.

கோட்டையூர்லேருந்து:
அப்படின்னா கறாரை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை அடிச்சிருக்கலாமே தம்பி.