புதிய கணினியில் தமிழும் மலையாளமும்: முதலில் எவற்றை நிறுவுவது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம், விண்டோஸ் 11 மடிக்கணினி ஒன்று வாங்கியுள்ளோம். மகள் தமிழ்வழியில் படிக்கிறாள், பஞ்சாயத்து விண்ணப்பங்களை மலையாளத்தில் எழுத வேண்டியிருக்கிறது. எந்த மென்பொருள்கள் அவசியம் என்று சொல்லுங்கள்.

மறுமொழி 1: தட்டச்சுக்குத் தனி மென்பொருள் தேவையில்லை, ஐயா. கணினியின் அமைப்புகளில் (Settings) இரு மொழிகளையும் சேர்த்துவிட்டு, விண்டோஸ் விசையுடன் இடைவெளிப் பட்டையை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். தமிழுக்குத் தமிழ்99 விசைப்பலகையையே தேர்ந்தெடுங்கள். 'க'வை அடுத்து 'ஆ'வை அழுத்தினால் 'கா' வந்துவிடுவதால் பிள்ளைகள் விரைவில் பழகிவிடுவார்கள்.

மறுமொழி 2: கடிதம், கணக்குக்கு லிப்ரெஆபிஸ், காணொளிக்கு வி.எல்.சி.; இரண்டும் இலவசம். உருவாக்கியவர்களின் தளத்திலிருந்தே இறக்குங்கள், ஏனெனில் வேறொரு தளத்தில் இறக்கியபோது நான் கேட்காத மூன்று நிரல்களும் சேர்ந்தே நுழைந்து கணினியை முடக்கின.

மறுமொழி 3: பாமினி எழுத்துருவில் பழைய கோப்புகள் இருந்தால், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி வையுங்கள், ஏனெனில் பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.