மறு: ‘போர்ப் பொருளாதாரம்’ போதுமா? ‘போர்வாழ் பொருளாதாரம்’ என்றொரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

போரை நம்பி ஓடுகிற பொருளாதாரத்துக்குத் தமிழில் என்ன சொல் என்ற நம் தேடலுக்கு, ‘போர்ப் பொருளாதாரம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று குழுவில் ஐயா எழுதியிருந்தார். எனக்கு ஒரு தயக்கம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ஆலைகளை ஆயுதம் செய்யத் திருப்பியது, உணவுக்குப் பங்கீட்டு அட்டை கொடுத்தது. அதற்கு இந்தச் சொல் பொருந்தும். அங்கே போரை வெல்வதற்காகப் பொருளாதாரம் வேலை செய்தது. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு: போர் நீடிப்பதாலேயே ஓடுகிற பொருளாதாரத்துக்கு.

ஆப்பிரிக்க நாடான அங்கோலாவைப் பாருங்கள். 1975இல் விடுதலையோடு தொடங்கிய உள்நாட்டுப் போர் 2002 வரை நடந்தது. பனிப்போர் முடிந்து வெளியார் பணம் வற்றியபின் அது ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. அரசிடம் எண்ணெய் இருந்தது, அரசை எதிர்த்துப் போரிட்ட யூனிட்டா இயக்கத்திடம் வைரம் இருந்தது. எண்ணெய் பெரும்பாலும் கடலுக்கடியிலிருந்து வந்தது. உள்நாட்டுச் சண்டை அதை அதிகம் தொடவில்லை. வைரத்தை ஆற்றுப்படுகையில் மண்வெட்டியும் சல்லடையும் கொண்டே எடுத்துவிடலாம். ஆனால் அதே நாடு விடுதலைக்கு முன் உலகின் பெரிய காப்பி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. காப்பிச் செடி காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும், பறிக்க ஆள் வேண்டும், லாரி போக வழி வேண்டும். தோட்டங்கள் காடாகின, வயல்களில் கண்ணிவெடி புதைந்தது. காத்திருக்க வேண்டிய தொழில் செத்தது. உடனே காசாகும் தொழில் பிழைத்தது.

போன வாரம் அக்கா சொன்ன ‘போருண்ணிப் பொருளாதாரம்’ கேட்டவுடன் பிடித்துப்போனது. ஆனால் உண்ணி என்றால் பிறர் இரத்தம் குடிப்பது. போரில் பிழைத்த எல்லாருக்கும் அது பொருந்தாது. இலங்கையில் 1990இல் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள், பற்றரி, சவர்க்காரம், சீமெந்து எல்லாம் தடுக்கப்பட்டன, அல்லது அளந்து விடப்பட்டன. நான் அப்போது சின்னப் பிள்ளை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்ட விளக்கில்தான் படித்தேன். அந்த மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில் விற்று வீட்டில் உலை வைத்த பெண்ணை உண்ணி என்று எழுத என் கை வராது. பதுக்கி வைத்துப் பல மடங்கு விலைக்கு விற்றவரும் அதே சந்தையில்தான் இருந்தார். இருவரையும் கொள்ளும்படி, இருவரையும் ஒன்றாக்காதபடி ஒரு சொல் வேண்டும்.

அதனால் என் முன்மொழிவு: போர்வாழ் பொருளாதாரம். ‘நீர்வாழ் உயிரினம்’ என்கிறோமே, அந்த மாதிரி. நீர் வற்றினால் மீனுக்கு வாழ்வில்லை. ஆனால் மீன் என்பதற்காக யாரும் அதைக் குற்றவாளி என்பதில்லை. சுறாவும் அதற்குள் அடங்கும், அயிரையும் அடங்கும். ‘வாழ் பொருளாதாரம்’ வினைத்தொகை என்பதால் இடையில் ஒற்று மிகாது. ‘போர்வாழ்ப்’ என்று எழுதிவிட வேண்டாம். போர்வாழ் வணிகம், போர்வாழ் தொழில் என்று கிளைக்கவும் எளிது. கொள்ளை லாபக்காரருக்கு மட்டும் அக்காவின் ‘போருண்ணி’யை வைத்துக்கொள்வோம். அது நல்ல சொல், வீணாக்கக் கூடாது.

இன்னொன்று. பகைவரின் மாடுகளைக் கவர்ந்துவருவதைப் பாடும் வெட்சித் திணையில், கவர்ந்த ஆநிரையை வீரர்களுக்குப் பங்கிடும் துறைக்குத் தொல்காப்பியம் தரும் பெயர் ‘பாதீடு’. எங்கள் ஊரில் இன்று பட்ஜெட்டுக்கு அதுதான் சொல். ஆயுதக் குழு வைரத்தையும் வரியையும் தனக்குள் பிரித்துக்கொள்வதற்குப் ‘போர்ப்பாதீடு’ என்று எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் இலங்கை வாசகர் அதைப் பாதுகாப்புச் செலவு ஒதுக்கீடு என்றே படிப்பார். ஆகவே ‘கவர்பொருள் பங்கீடு’ என்று நேராகவே வைத்துவிடலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணத்துக் கிளாலிக் கடலேரியால் இரவில் படகேறிப் போய்ச் சாமான் கொண்டுவந்து விற்றவர்களை அந்தக் காலத்தில் உங்கள் ஊரில் எப்படிச் சொன்னீர்கள்? அந்தப் பேச்சு வழக்கில் இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள், என்னுடையதை எடுத்துவிடலாம்.