டூ வீல் ஜீப்பை ஃபோர் வீலா மாத்தலாமா?

காப்பித்தோட்டம்: அண்ணே, என்கிட்ட பழைய மஹிந்திரா மேஜர் ஜீப் இருக்கு, டூ வீல் டிரைவ், அதாவது இன்ஜின் சக்தி பின் வீலுக்கு மட்டும்தான் போகும், தாண்டிக்குடி பக்கம் தோட்டத்துக்கு மழை நேரத்துல ஏறவே மாட்டேங்குது, பின் வீல் சேத்துல சும்மா சுத்துது. ஃபோர் வீலா மாத்த என்னென்ன வேணும்?

மலைரோடு: தம்பி, டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சுக் குடுக்குற கியர் பெட்டி), டிஃபரன்ஷியல் (ரெண்டு பக்க வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) உள்ள முன் ஆக்சில், அதுக்குச் சக்தியைக் கொண்டு போற முன் புரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாம் வேணும், பின் ஷாஃப்டையும் வெட்டி நீளம் குறைச்சு பேலன்ஸ் பண்ணணும். முக்கியமா முன்னும் பின்னும் ஆக்சில்ல இருக்குற கிரவுன், பினியன்ங்கிற ரெண்டு கியரோட பல்லு விகிதம் ஒண்ணா இருக்கணும், நான் செகண்ட்ஹேண்ட் ஆக்சிலை அதைப் பாக்காம மாட்டி ஒரே வாரத்துல டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லு உடைஞ்சுபோச்சு, வாங்கின காசெல்லாம் வீண். அந்த கியர் பல்லை எண்ணிப் பாத்துட்டு வாங்குங்க. அப்புறம் காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல் போடவே போடாதீங்க, டயரும் கியரும் தேஞ்சிரும்.

ஆர்சிபுக்: சட்டத்தையும் பாருங்க நண்பா. வண்டியை மாத்துறதைப் பத்தி மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. விபத்துன்னா இன்சூரன்ஸ்ல சிக்கல் வரும். என்னைக் கேட்டா இதை வித்துட்டு கம்பெனியிலயே ஃபோர் வீலா வந்த வண்டியை வாங்குறதுதான் நல்லது.

காப்பித்தோட்டம்: ரொம்ப நன்றிண்ணே. அப்பா ஓட்டின வண்டி, விக்க மனசு வரல. இப்போதைக்கு சேத்துல பிடிப்பு குடுக்குற மட் டயர் மாட்டிப் பாக்குறேன்.