11 டன் ஏசி போதவில்லையா, டக்ட்டில் (காற்றுக் குழாயில்) கோளாறா?

கேள்வி: மதுரையில் துணிக்கடை, முதல் மாடி. 11 டன் பேக்கேஜ் ஏசி. 4,400 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) வரவேண்டும், அளந்தால் 3,500தான். கடைசி கிரில்லில் (காற்று வெளிவரும் வாயில்) காற்றே இல்லை. டீலர் 15 டன் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க சார். டன்னுக்கு 400 சிஎஃப்எம் கணக்குப்படி யூனிட் சரிதான். ஸ்டேட்டிக் பிரஷர் (காற்றை டக்ட்டில் தள்ள ஃபேன் தரும் அழுத்தம்) எவ்வளவு?

கேட்டவர்: 20 மி.மீ. நீர் அளவு. புல்லி மாற்றி ஃபேன் வேகத்தைக் கூட்டிவிடவா?

பதில்: அதே டக்ட்டில் 4,400 தள்ள சுமார் 32 மி.மீ. வேண்டும். மோட்டார் பவர் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், கூடும் ஆம்பியரை மோட்டார் தாங்குமா? முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். டேம்பர் (டக்ட்டில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு) மூடியிருக்கிறதா, ஃப்ளெக்ஸிபிள் டக்ட் எங்காவது மடங்கிக் கிடக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் அடைப்பு.

இன்னொருவர்: 15 டன் போட்டால் மழைநாளில் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும், ஈரம் போகாது. அப்புறம் இந்த டக்ட்டில் 6,000 சிஎஃப்எம் எப்படிப் போகும் என்று டீலரிடமே கேளுங்கள்.